இரண்டு பக்கமும் ஒன்றுதான்

பழந்துணிகளைக் கிழித்துப் பழங்குடிப் பெண்கள் நெய்த விரிப்பை உமாசங்கர் கண்காட்சியிலிருந்து வாங்கி வந்து கூடத்தில் விரித்தான்.

"அடிபொளி, இல்லையா? என்ன அழகு!"

அவன் மனைவி அஞ்சு, நடுவிலிருந்த கத்தரிப்பூ நிறப் பட்டையையே பார்த்தாள்.

"இது உங்கம்மா தீபாவளிக்குத் தந்த சேலை. பழந்துணி கேட்டு ஊரெல்லாம் வந்தாங்கள்ல, அவங்ககிட்ட போட்டுட்டேன்."

"அம்மா இப்ப வருவாங்களே. திருப்பிப் போடு."

அஞ்சு ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

வாசலில் ஆட்டோ நின்றது. அஞ்சு பட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"வாங்க அத்தே."

வலியசாலையிலிருந்து வந்த மாமியார் நீலாம்பாள், "ஒரு காப்பி கொண்டா" என்றாள்.

"அவர் போடுவார், அத்தே."

"கொஞ்சம் நகரு. அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கேன்."

அஞ்சு அசையவில்லை.

"சரி, இதைப் பாரு. உனக்குன்னு நானும் ஒண்ணு வாங்கினேன்." நீலாம்பாள் பையிலிருந்து அதேபோன்ற விரிப்பை எடுத்து உதறினாள்.

ஓரத்தில் கிளிப்பச்சைப் பட்டை ஒன்று ஓடியது. மாமியாரின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அஞ்சு தேடித் தேடி எடுத்த சேலை அது.

நீலாம்பாளும் அப்போதுதான் அதைக் கவனித்தாள். "அந்தப் பக்கம்தான் நல்லாயிருக்கும்" என்று அவசரமாகத் திருப்பினாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அத்தே" என்று சொல்லிவிட்டு, அஞ்சு காப்பி போடப் போனாள்.