வெறுங்கால்

போயாக்கா மலைக்குளிரில் ஒன்றரை வயதுப் பிள்ளை வெறுங்காலோடு வந்து இறங்கியதைப் பார்த்ததும் வில்மரின் மூன்று அத்தைகளுக்கும் தூக்கிவாரிப் போட்டது.

“சாக்ஸ் எங்கே?”

“மறந்து போச்சு,” என்றாள் அவன் மனைவி யானெத். அவள் கண்கள் குழிவிழுந்து கிடந்தன.

ஒஃபேலியா அத்தை பிள்ளையைப் பிடுங்கித் தன் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டாள். “பெத்துட்டா போதுமா? ஊருக்குப் போறவரைக்கும் நீ இவனைத் தொட வேண்டாம்.”

இரண்டு நாளும் இதே பாட்டுதான். சோள ரொட்டியைப் பெரிதாகப் பிய்த்துக் கொடுத்தாள் என்று ஒருத்தி பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். தலையைச் சரியாகத் துவட்டவில்லை என்று இன்னொருத்தி. ராத்திரி அவன் அழுதபோதும் அத்தைகளே முறைபோட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

யானெத் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிறாளோ என்று வில்மருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அத்தைகள் முன்னால் அவனுக்கு என்றைக்கு வாய் திறந்திருக்கிறது?

திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னான். “உன்னை ரொம்ப நோகடிச்சுட்டாங்க. இனிமே அங்கே போக வேண்டாம்.”

“அடுத்த வாரமே போகலாம்.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைக்கு பிஸ்கட் எடுக்கப் பைக்குள் கையை விட்டான். அடியில் ஆறு ஜோடி சாக்ஸ், மடிப்புக் கலையாமல் இருந்தன.

“அதை அப்படியே வை,” என்றாள் யானெத். “இவன் பிறந்ததுலேருந்து இப்பதான் ரெண்டு ராத்திரி முழுசாத் தூங்கியிருக்கேன். அடுத்த வாரம் தொப்பியையும் மறக்கணும்.”