குரல் நிற்கும் இடம்

“இது செபக் கூட்டம் மச்சான். கொள்ளுப்பிட்டி ஹோட்டல் இல்லை.”

பேர்னாட் காதைப் பொத்திக்கொண்டான். யுத்தகாலக் கொழும்பில், கொட்டாஞ்சேனைச் செபக் குழுவின் பாடகர் தலைவன் அவன்.

றேமண்ட் கிட்டார் நரம்புகளை உள்ளங்கையால் அமர்த்தினான். துறைமுகத்தில் கிளார்க். ஒரு காலத்தில் ஹோட்டல் பாண்டில் வாசித்தவன்.

“பாட்டுக்கு நல்லாத்தான் வாசிக்கிறாய். சனம் செபிக்கத் தொடங்கினா மட்டும் உனக்கு என்ன பேய் பிடிக்குது? டிஸ்டோர்ஷன் பெடலை மிதிச்சு உறுமவிடுறாய்!”

“அந்த இடத்துக்கு அது வேணும்.”

“வேணுமாம்!” பேர்னாட் அம்ப்ளிஃபயரின் முன் குனிந்தான். “இந்த மிட் குமிழைப் பார், முழுசாத் திருகி வச்சிருக்கிறாய். மனுசர்ட குரல் நிக்கிற இடம் அது. அங்க கிட்டார் போய் நிண்டா, செபிக்கிற ஆக்கள்ட ஒரு சொல்லாவது கேக்குமா? இதுகூடத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டா செய்யிறாய்? நேசம் அக்கா யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து, மகனுக்காகக் கத்திக் கத்தி மண்டாடுறா. அவட வாயைப் பொத்துறாய் நீ. வெக்கமா இல்லை?”

றேமண்ட் பின்வரிசையைப் பார்த்தான். போன மாதம் குழுவில் சேர்ந்த செபஸ்தியன் அங்கே கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவரையா பாக்கிறாய்? அவரும் முறையிட்டுப்போட்டார். நேசம் அக்காட செபம் ஒண்டும் விளங்குதில்லையாம். புது மனுசனுக்கு இருக்கிற பக்தி உனக்கில்லை.”

“மச்சான், கொஞ்சம் வெளிய வா. ஒரு கதை...”

“ஒரு கதையும் வேண்டாம்!” பேர்னாட் குமிழைப் பூச்சியத்துக்குத் திருகினான். “தொட்டாயெண்டா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போ.”

கூட்டம் தொடங்கியது. கிட்டார் கண்ணாடிபோல ஒலித்தது. பேர்னாட்டுக்குத் திருப்தி.

பாட்டு முடிந்து செபம் வந்தது. றேமண்டின் கால் பெடலுக்கு மேலே உயர்ந்தது. பேர்னாட் முறைத்தான். கால் மெல்ல விலகித் தரையில் இறங்கியது.

நேசம் அக்கா எழுந்து கைகளை உயர்த்தினார். கண்ணை மூடினால் அவருக்குச் சுற்றியிருப்பவர்கள் இல்லை, ஆண்டவர் மட்டும்தான்.

“ஆண்டவரே, என்ர பிள்ளையைக் காத்தருளும். பொலிஸில பேர் பதியப் பயந்து பாமன்கடைப் பக்கம் ஒளிச்சிருக்கிறான் ஆண்டவரே. ரவுண்டப்பெண்டு வீடு வீடாப் பிடிக்க வாறவையின்ர கண்ணை மறைச்சுவிடும் ஆண்டவரே...”

ஒவ்வொரு சொல்லும் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனது.

செபஸ்தியன் கண்ணை மூடியிருக்கவில்லை. எழுந்து முன்னால் வந்து பேர்னாட்டின் காதருகே குனிந்தார்.

“பாமன்கடை எண்டது இண்டைக்குத்தான் விளங்கினது. எந்தத் தெரு, எந்த ஒழுங்கை எண்டும் சொல்லுவாவோ?”

பேர்னாட் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு றேமண்டைப் பார்த்தான்.

மேடைக்கு ஓடி அம்ப்ளிஃபயரின் முன் முழங்காலில் விழுந்தான். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று சனம் நினைத்தது.

அவன் மிட் குமிழை முழுதாகத் திருகினான்.

“அடி மச்சான்!”

றேமண்ட் பெடலை மிதித்தான். கிட்டார் உறுமியது. சனம் காதைப் பொத்தியது.

நேசம் அக்கா ஒழுங்கையின் பெயரை ஆண்டவருக்குச் சொன்னார். வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை.