இலைக்குட்டி திரும்பிய பக்கம்

தன் கல்யாணத்துக்கு முன்பு, என் போன் விளையாட்டில் அக்கா ஒரு பிராணியைப் பிடித்து வளர்த்தாள். தலையில் ஒற்றை இலை முளைத்த இலைக்குட்டி. தன்னைப் பிடித்தவர் இருக்கும் பக்கமே அது முகத்தைத் திருப்பும்.

அக்கா காணாமல் போனபிறகு, போனை எப்படிப் பிடித்தாலும் அது வாசலையே பார்த்தது. அம்மாவும் நானும் அது பார்த்த திசையிலேயே நடந்தோம். அக்காவின் வீடு வந்தது.

“உங்க பொண்ணு யார்கூடவோ ஓடிட்டா. இங்க வந்து என்னத்தைத் தேடுறீங்க?” என்றார் அக்காவைக் கட்டிய மாமா.

இலைக்குட்டி சமையலறைப் பக்கம் திரும்பியது. உள்ளே போனோம். அங்கே தரைக்குப் புதிதாக சிமெண்ட் பூசியிருந்தது.

“அத்தை, ஈரம் காயலை. கால் வைக்காதீங்க!”

இலைக்குட்டி மெல்லக் கீழே குனிந்தது.

அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்து, “குளிருதாடி, கண்ணு?” என்று கேட்டாள்.