நூத்திப்பத்துக்கு எழுபது

"இன்னாத்த ஆக்கிப் போட்டீங்க சம்பந்தியம்மா, எங்க ஷில்பாவுக்கு? கருவாடா, ஊறுகாயா?" ஐ.சி.யூ. வாசல் என்றும் பாராமல் ரத்தினம்மா கத்தினாள்.

சரோஜம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வளைகாப்பு முடிந்து மகளை ஆண்டர்சன்பேட்டைக்குக் கூட்டிவந்து பத்து நாள்தான். இன்று காலை பல் துலக்கும்போதே வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். எட்டு மாத வயிறு.

"ரெண்டு நாளா தலவலின்னா, மாப்ள. வேல வேலன்னு வெயில்ல தெருத்தெருவா சுத்தின சூடுன்னு நெனச்சேன்..."

மாப்பிள்ளை திலீப் தலை நிமிரும் முன் அவன் அம்மா ரத்தினம்மா பாய்ந்தாள்.

"நெனப்பீங்க! மாரிகுப்பத்துல எங்க வூட்ல இருந்த வரைக்கும் பி.பி. நூத்திப்பத்துக்கு எழுபது. தோ, கார்டு! உங்க வூட்டு உப்புதான் ஏத்தி வுட்டுச்சு."

கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டரம்மா அந்தக் கர்ப்பிணிக் கார்டை வாங்கிப் புரட்டினார். புரட்டியவர் முகம் மாறியது.

"உப்பு இல்லம்மா. மூணாம் மாசம் நூத்திப்பத்து, அஞ்சாம் மாசம் நூத்திப்பத்து, எட்டாம் மாசமும் அதே. நல்லா இருக்கற பொம்பளைக்கே நடுவுல பி.பி. இறங்கும். ஹார்மோன் ரத்தக் குழாயை இளக வெக்கும். கடைசி மாசங்கள்ல திரும்ப ஏறும். இதுல ஒரு புள்ளி அசையல."

"அப்டின்னா?"

"யாரும் கையில பட்டையே கட்டல. உக்காந்த எடத்துல ரொப்பியிருக்காங்க."

ரத்தினம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். திலீப்தான் முனகினான். "அங்க பி.பி. மெஷின் கெட்டு ஆறு மாசமாச்சு மேடம். புதுசு கேட்டா, வரும் வரும்னாங்க."

"கெட்டுச்சுன்னா கெட்டுச்சுன்னு எழுதணும்! முன்னமே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே புடிச்சிருப்பேன். இப்ப கொழந்த போயிடுச்சு. தாயையாவது காப்பாத்த முடியுமான்னு பாக்கறேன்."

சரோஜம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

 டாக்டரம்மா கார்டைத் திலீப் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மாரிகுப்பத்துல இன்னும் எத்தன வயித்துக்கு இப்படி எழுதி வெச்சிருக்காளோ! யாரு அந்த நர்ஸ்? பேரைச் சொல்லுங்க, இப்பவே கம்ப்ளெய்ன்ட் எழுதறேன்."

திலீப் மூடிய கதவைப் பார்த்தான்.

"உள்ள படுத்திருக்கா, மேடம்."