தாமதமான நாலு நிமிஷம்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையின் ஒரே சர்வருக்குள் எட்டு விர்ச்சுவல் மெஷின்கள், தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போல, ஓடின. சில நாளாக அவை காலையில் நாலு நிமிஷம் தாமதமாக எழுந்தன. அவற்றில் ஓடிய வருகைப் பதிவும் நின்று, வாசலில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் லேட் மார்க் விழுந்தது.

சர்வரைக் கவனிக்கும் தஸ்லீம், யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்று அது எழுதிவைக்கும் பதிவுகளைத் துருவினாள். தினமும் செக்யூரிட்டி அறைக் கம்ப்யூட்டர் முதலில் நுழைந்து, எட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தது.

போய்ப் பார்த்தால், அங்கே வெறும் மேஜை.

"அத்த போன வருசமே தூக்கினு பூட்டாங்கம்மா," என்றார் காவலர் அந்தோணி. "ஆனா அந்த எடத்துல டீ வெச்சா ஆறவே மாட்டேன்னுது."

தஸ்லீம் மேஜையைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, சர்வர் நாலு நிமிஷம் முன்னதாகவே தொடங்கும்படி மாற்றினாள்.

மறுநாள் யாருக்கும் லேட் மார்க் இல்லை. சர்வரின் பதிவில் மட்டும், எட்டு மெஷின்களுக்குக் கீழே ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது. ஆரம்பாக்கத்தில், அவள் வீட்டில் அணைந்து கிடந்த லேப்டாப்பையும் அந்தச் செக்யூரிட்டி அறைக் கம்ப்யூட்டர் திறந்து பார்த்திருந்தது.