இடியப்ப இங்கிலிஷ்

"இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கே?"

குசினிக்குள் இருந்து சிவாஜினி போட்ட சத்தம் ஹோல் வரைக்கும் நல்லாகவே கேட்டது. மகேந்திரராஜா திரும்பியும் பார்க்கவில்லை. மனிசன் இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டு கங்காரு மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டின ஆள்!

"ஜம்ப்!" என்றார்.

"ஜம்ப்!" என்று அவருக்குப் பின்னால் இரண்டு சின்னனுகள் துள்ளின.

பக்கத்து வீட்டு பவுலாவின் பிள்ளைகள். மத்தேயோவும் தங்கச்சி லூசியாவும். கொலம்பியாவில் இருந்து மெல்பேண் வந்து கொஞ்ச நாள்தான், பிள்ளைகள் வாயைத் திறந்தால் ஸ்பானிஷ். தாய்க்கு மட்டும் இங்கிலிஷ் ஓடும். பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் விளையாட்டோடு விளையாட்டாக இங்கிலிஷ் பழக்கிவிடுகிறாராம் இவர். வேலையால் வந்தால் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இதே கூத்துத்தான். கரண்டியை ஒளித்து வைத்துவிட்டு, கிட்டப் போனால் 'ஹொட்', விலகினால் 'கோல்ட்' என்று தேட விடுவார். நிறம் நிறமாகப் பேப்பர் வெட்டி நிலத்தில் ஒட்டி, 'றெட்! புளூ!' என்று பாய விடுவார்.

சிவாஜினிக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? அவள் கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தபோது இதே மனிசன்தான் அவளுக்கும் இங்கிலிஷ் படிப்பிக்க வெளிக்கிட்டது. ஒரு கிழமை ஓடியிருக்கும். பிழை விட்டால் கத்தல், யோசித்தால் அதுக்கும் கத்தல். பிறகு அவரின் கூட்டாளி விக்னராஜா வீட்டுப் பிறந்தநாளில் அவள் துணிந்து ஏதோ இங்கிலிஷில் சொல்லப்போக, சபையே சிரித்தது. எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தது யாரென்று சொல்லவும் வேண்டுமா? அன்றைக்கு மூடின வாய்தான். கடைக்கும் அவர்தான் வரவேண்டும், டொக்டரிடமும் அவர்தான் கதைக்கவேண்டும்.

முதியோர் இல்லக் குசினியில் வேலைக்கென்று இரண்டு தரம் இன்ரவியூவுக்குப் போய்ப் பார்த்தாள். சமைக்கச் சொன்னால் தெருவையே மணக்க வைப்பாள். கேள்வி கேட்டால் நாக்கு எழும்பாது. இரண்டு தரமும் அழுதுகொண்டு வந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம்தான் இருப்பது? அந்த வேலை அவளுக்கு வேண்டும்.

அடுத்த மாதம் திரும்பவும் வரச்சொல்லியிருந்தார்கள். இனிப் போய் அவமானப்பட ஏலாது என்று முடிவெடுத்துவிட்டாள்.

"ஊரார் பிள்ளையளுக்குக் கங்காரு. கட்டின மனிசிக்குக் கத்தல்," என்று முணுமுணுத்தபடி மூடியை டமாரென்று சட்டியில் போட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் மனிசன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

"நல்லா வேணும்! இன்னும் துள்ளுங்கோ."

"இஞ்சாரும், பிள்ளையள் வரப்போகுதுகள். இண்டைக்கு மட்டும் நீர் பாரும்."

"நானோ? எனக்கென்ன தெரியும்?"

"ஒண்டும் படிப்பிக்க வேண்டாம். நீர் உம்மட பாட்டில சமையும். அதுகள் பக்கத்தில நிக்கட்டும்."

பிள்ளைகள் வந்தார்கள். இடியப்ப உரலைக் கண்டதுதான் தாமதம், குசினியை விட்டு அசையவில்லை. மத்தேயோவும் சேர்ந்து பிடித்து அமத்தினான். தட்டில் நூல் நூலாக மா விழ, லூசியா கீச்சிட்டாள்.

"ஓத்ரா! ஓத்ரா!"

இன்னொன்றாம். பாஷை தெரியாவிட்டாலும் அது விளங்காதா?

சிவாஜினி உரலைத் தூக்கிப் பிடித்தாள். "சேய்... அகெய்ன்."

"அகெய்ன்!"

பிழிந்தாள். "பிறெஸ்! றவுண்ட், றவுண்ட்! ஸ்ரொப்! ஹொட், டோன்ட் ரச்!" வாய் தன்பாட்டில் ஓடியது. பிழை இருந்ததோ என்னவோ, கேட்டுக்கொண்டு நின்ற இரண்டுக்கும் அதுதான் திறமான இங்கிலிஷ்.

வேலைக்குப் போகும்போது நோகாத இடுப்பு, பிள்ளைகள் வரும் நேரத்துக்கு மட்டும் அந்த மாதம் முழுக்க நொந்தது. அலுத்துப்போய்த் தன் தலையில் கட்டிவிட்டு ரிவி பார்க்கிறார் கள்ள மனிசன் என்று சிவாஜினி திட்டினாள். திட்டித் திட்டியே ரொட்டி தட்டினாள், தோசை சுட்டாள், எல்லாம் இங்கிலிஷில்தான். "வை, அன்ரி? வை?" என்று மத்தேயோ விடாமல் காரணம் கேட்பான். அவளும் விடாமல் மறுமொழி சொல்வாள்.

வரச்சொன்ன நாள் காலமை, போய்த்தான் பார்ப்போமே என்று இன்ரவியூவுக்குத் தனியாக வெளிக்கிட்டாள்.

"பல்லில்லாமல் சப்ப ஏலாத ஆக்களுக்கு என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்டாள் அங்கிருந்த வெள்ளைக்காரி. சிவாஜினி வாயாலும் கையாலும் ஒரு பானை கஞ்சியே காய்ச்சிக் காட்டினாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னார்கள். பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதாள். ஆனால் இது வேறு அழுகை. அப்பாடா என்று இருந்தது. எத்தனை வருடத்துப் பயம்!

கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு முதலில் பவுலா வீட்டுக்குத்தான் ஓடினாள். பவுலா விஷயத்தைக் கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் உன்ர பிள்ளையளாலதான்," என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாள் சிவாஜினி. "என்ர மனிசன் இருக்கிறாரே, உன்ர பிள்ளையள் எண்டா உயிரை விடுவார். எனக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்கேல்லை."

பவுலாவின் முகம் மாறியது. "உன்னட்ட அவர் சொல்லேல்லையா? பிள்ளையளுக்கு இங்கிலிஷ் பழக்கச் சொல்லி நான் கேக்கவே இல்லையே. நாங்கள் குடிவந்த கிழமை அவராத்தான் வந்து கதவைத் தட்டினவர்."

"ஏனாம்?"

"'என்ர மனிசி பயமில்லாமல் கதைச்சுப் பழக, அவவை விடக் குறைய இங்கிலிஷ் தெரிஞ்ச ஆக்கள் வேணும். உங்கட பிள்ளையளைக் கொஞ்ச நாளைக்கு இரவல் தருவீங்களோ?' எண்டு கேட்டவர்."