மூணு இழுப்பு

வாசல் பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை.

தெருவில் அவருக்கு ‘மூணு இழுப்பு’ என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

அறுபத்தோரு வயசில் இன்றைக்கு அவருக்கு இண்டர்வியூ. குடோன் சாவி பார்க்கிற வேலை. காலையில் திறக்கணும், சாயங்காலம் பூட்டணும், நடுவில் போகிற வருகிற சரக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கணும்.

இதற்கென்றே பிறந்த மனுஷன். ஆனால் ஒரு சிக்கல்.

“தனிக்கட்டையை எடுக்க மாட்டாங்கண்ணே” என்று முடிவெட்டுகிறவன் முந்தாநாளே சொல்லியிருந்தான். “முன்னாடி இருந்தவர் மயங்கி விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட ஒரு நாதியில்ல. மேனேஜர் ரெண்டு நாள் அலைஞ்சிருக்கார். அதுலேர்ந்து குடும்பஸ்தனாப் பார்த்துத்தான் எடுக்குறாங்க.”

“நானும் குடும்பஸ்தன்தான்டா.”

“ஆமாண்ணே. நீங்க, உங்க பூட்டு, சாவின்னு மூணு பேர்.”

அந்தக் குடோனை அவர் ரோட்டிலிருந்து பல நாள் பார்த்திருக்கிறார். மத்தியானம் மூட்டை தூக்குகிறவர்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் பண்ணுவான், சண்டை போடுவான், சிரிப்பான்.

இவருக்கு நாலு நாள் வாயைத் திறக்க வேலையே இருக்காது. போன வாரம் பஸ்ஸில் டிக்கெட் கேட்கப் போய், தொண்டையிலிருந்து குரலே வரவில்லை. கண்டக்டர் ஊமை என்று நினைத்துக்கொண்டு கையாலேயே கேட்டான்.

அந்த வட்டத்தில் ஒன்பதாவதாக உட்காரணும். அவ்வளவுதான் அவருக்கு.

அதனால் குடும்பஸ்தனாகக் கிளம்பினார்.

சட்டையைக் கத்தி மாதிரி தேய்த்தார். ஆள் இல்லாதவன்தான் பட்டன் இல்லாமல் அலைவான் என்று, போன பட்டனைத் தைத்தார். ஊசியில் நூல் கோக்கவே அரை மணி நேரம். ரெண்டு அடுக்கு டப்பா எடுத்துக்கொண்டார். கீழ் அடுக்கில் சாப்பாடு, மேல் அடுக்கு காலி.

கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை பழகினார். கடிகாரத்தைப் பார்க்கணும், ‘நேரமாச்சு, வீட்ல தேடுவாங்க’ என்று சாதாரணமாகச் சொல்லணும். முதல் நாலு தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது.

தோளில் பை. வீட்டில் நம்பி விட்டுவிட்டுப் போக முடியாத எல்லாமும் அந்தப் பைக்குள். எங்கே போனாலும் அது கூடப் போகும்.

மேனேஜருக்கு நாற்பது வயசிருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ஆள்.

“பூட்டினதும் என்ன பண்ணுவீங்க?”

“இழுத்துப் பார்ப்பேன். மூணு தடவை.”

“ஏன், பூட்டு மேல நம்பிக்கை இல்லையா?”

“பூட்டை நம்புவேன் சார். பூட்டின கையைத்தான் நம்ப மாட்டேன்.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். பெரிய நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். பேர், வயசு, விலாசம் எல்லாம் எழுதினார். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். “வீட்ல தேடுவாங்க” என்றார். இந்தத் தடவை சரளமாக வந்தது.

“வீட்ல யாரு?”

“சம்சாரம்.”

“அவங்க நம்பர் சொல்லுங்க.”

தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். தன் நம்பரைக் கேட்டால்கூட அப்படி வராது. எழுதுவார், நோட்டை மூடுவார், அதோடு முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தார்.

மேனேஜர் போனை எடுத்து அடித்தார்.

ஊரையே சந்தேகப்படுகிற மனுஷன், தன்னை ஒருத்தன் சந்தேகப்படுவான் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மடியில் பை அதிர்ந்தது.

வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் அவள் போன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கையிலிருந்து பிடுங்கியது. “உன்னைக் கூப்பிடுறவன் கூப்பிடட்டும், எவன்னு நான் பார்க்கிறேன்” என்று பிடுங்கினார். அவள் கதவைத் திறந்தாள், போனாள். சாத்திக்கூடப் போகவில்லை.

அன்றிலிருந்து தினம் சார்ஜ் போட்டார். மாசம் தவறாமல் ரீசார்ஜ். எவனோ ஒருத்தனைக் கையும் களவுமாகப் பிடிக்க.

ஒரு தடவைகூட அது அடிக்கவில்லை. கடன் வேணுமா என்று கேட்கக்கூட ஒருத்தரும் கூப்பிடவில்லை. போன் கெட்டுவிட்டது, அதனால்தான் அவன் கூப்பிடுவது தெரியவில்லை என்று வைத்துக்கொண்டார். தன் போனிலிருந்து அடித்துப் பார்த்திருக்கலாம். எதையும் மூணு தடவை இழுத்துப் பார்க்கிறவர், இதை மட்டும் ஒரு தடவையும் இழுத்துப் பார்க்கவில்லை.

“பெரியவரே, உங்க பையில ஏதோ அடிக்குதே” என்றார் மேனேஜர், காதிலிருந்து போனை எடுக்காமல்.

மேனேஜர் நிறுத்தினார். பையும் நின்றது. மேனேஜர் மறுபடி அடித்தார். பையும் மறுபடி அடித்தது. மூணாவது தடவையும்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுதின வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

அது இவர் கண்ணில் படவே இல்லை. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் நல்லாத்தான் இருந்திருக்கிறது.